புயலினும் வலியது சங்கம்

(கரையோரக் கிராமமொன்றின் ஐக்கிய சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை வருமாறு:)



1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாளை மட்டக்களப்பு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றிரவு வீசிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைப் பலிகொண்டது. தென்னந்தோப்புக்கள் அடியோடு சாய்ந்தன. 2025 நவம்பரிலே டித்வாப் புயல் கொணர்ந்த பெருமழையால் வெள்ளத்திலும் மண்சரிவிலும் இந்நாட்டில் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலின் வெப்பம் ஏற ஏறப் புயலின் வேகமும் மழையின் அளவும் மிகும் என்பர் அறிவியலார். இதனை விதியென்று கூறி நாம் வாளாவிருப்பதா?

இதே வங்காள விரிகுடாவின் வடகரையைப் பாருங்கள். அன்று கிழக்குப் பாகிஸ்தானாயிருந்த வங்காளதேசத்தில், 1970 ஆம் ஆண்டில் ஒரே புயலில் மூன்று இலட்சம் மக்களாவது மடிந்தனர். 1991 இல் இறந்தோர் ஏறத்தாழ 1,38,000 பேர். ஆனால் 2020 இல் அம்பன் புயல் தாக்கியபோது அந்நாட்டில் மாண்டவர் சில பத்துப் பேரே! புயலுக்குப் புயல் வேகம் வேறுபடலாம். எனினும், இத்துணைப் பெரிய மாற்றத்துக்கு அது மட்டும் காரணமன்று.

காரணம் யாது? 1970 களின் தொடக்கத்தில் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து ஊர்தோறும் தொண்டர் படை அமைத்தன. இன்று அப்படையில் 70,000 பேருக்கு மேல் உள்ளனர். அபாயக் கொடி ஏற்றுவதும், ஒலிபெருக்கியுடன் வீடு வீடாய்ச் சென்று மக்களை அழைப்பதும் அவர்தம் பணி. பள்ளிக்கூடங்கள் புயற்காலத்திற் புகலிடங்களாகின்றன. 1991 இல் ஆண்களினும் பெண்களே மிகுதியாக இறந்தனர். வீட்டைவிட்டு வெளியேற அவர்கள் தயங்கியதும் அதற்கொரு காரணம். இன்றோ தொண்டரிற் பாதியினர் பெண்கள். பெண்ணொருத்தி வந்து வாசலில் நின்று அழைத்தால் மற்றப் பெண்களும் துணிந்து புறப்படுவர் அன்றோ?

அன்பர்களே! நம்மிடம் இல்லாத எதனை அவர்கள் பெற்றிருக்கிறார்கள்? கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நம்மிடம் உள, பள்ளிக்கூடமும் உண்டு, மாதர் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் உண்டு. ஆனால் புயல் வருமுன் யார் யாருக்கு என்ன கடமை என்பதை நாம் வகுத்து வைக்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. கடலுக்குச் சென்ற படகுகளின் கணக்கு மீனவர் சங்கத்திடம் இருக்கட்டும். முதியோர், நோயாளர், கருவுற்ற தாய்மார் வாழும் வீடுகளை மாதர் சங்கம் குறித்து வைக்கட்டும். ஐக்கிய சங்கம் அரிசியையும் மண்ணெண்ணெயையும் மாரிக்கு முன்னரே சேமிக்கட்டும். கோயில் மணி எச்சரிக்கை மணியாகட்டும்.

இவ்வளவும் செய்தாலும் அரசின் பொறுப்பு நீங்கிவிடாது. தமிழும் அரசகரும மொழியென 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கூறுகின்றது. ஆகவே, எச்சரிக்கை தமிழிலும் அதே வேளையில் வருதல் வேண்டும் எனக் கேட்பது நமது உரிமை, சலுகையன்று. காலந்தாழ்த்தி வரும் மொழிபெயர்ப்பு உயிரைக் காக்காது.

காற்றைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் ஒரு வீட்டாரேனும் அறியாமல் அகப்பட்டு மடியாதபடி தடுக்க இயலும். இக்கூட்டம் கலையுமுன் தொண்டர் பெயர்களை எழுதுங்கள். முதற்பெயர் ஒரு தாயின் பெயராக இருக்கட்டும்.