காத்து இல்ல, பின்பாரம்

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன வருஷம் ஜூனுக்கு அப்புறம் ரெண்டு மாசம் ஏன் எபிசோடே வரலன்னு நிறைய பேர் கேட்டீங்க. "சின்ன ஆக்ஸிடென்ட்"னு சொல்லித் தப்பிச்சிட்டேன். சின்னது இல்ல. இன்னைக்கு முழுசாச் சொல்றேன்.

எங்க ஊர் கடையநல்லூர். குற்றாலம் பக்கம்தான். எங்க மாமா 22 வருஷம் சவுதியில வேலை பார்த்துட்டுத் திரும்பினவர். சீசன் நேரத்துல குற்றாலத்துல ஒரு நடமாடும் பரோட்டா கடை போடணும்னு அவருக்கு ஆசை. சேர்த்து வச்ச காசைப் போட்டு, ராஜபாளையத்துல ஒரு பட்டறையில ஃபுட் டிரெய்லர் செய்யச் சொன்னார். ரெண்டு சக்கரம், ஒரு அச்சு, சுத்தித் தகரம், ஒரு பக்கம் திறக்குற ஜன்னல். மாமாவோட பழைய ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டு வரணும். ஓட்டினது நான்.

ஃபிரிட்ஜ், கிரைண்டர், பரோட்டாக் கல், ரெண்டு காலி சிலிண்டர் எல்லாத்தையும் அங்கேயே வாங்கி ஏத்தினோம். எதை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணது நான்தான். இன்ஜினியர் ஆச்சே! ஜீப்போட கொக்கியில பாரம் இறங்கக் கூடாது, அப்பதான் ஜீப்புக்குச் சிரமம் இல்லன்னு ஒரு கணக்கு. கதவும் பின்பக்கம்தான் இருந்துச்சு. அதனால கனமானது எல்லாம் பின்னாடி போச்சு. மாட்டும்போது டிரெய்லரோட மூக்கை ஒத்தக் கையால தூக்கினேன். அவ்வளவு லேசு. பெருமையா வேற இருந்துச்சு.

பட்டறை வாசல்ல ஒரு பெரியவர் டீ குடிச்சிட்டு இருந்தார். முன்ன மாட்டுவண்டி ஓட்டினவராம். "எய்யா, பின்பாரமா இருக்கே. கொஞ்சம் முன்ன தள்ளி வைங்க"ன்னார். நான் சிரிச்சிட்டே, "இது மாட்டுவண்டி இல்ல தாத்தா"ன்னுட்டேன்.

திருமங்கலம்–கொல்லம் ரோடு, என்.எச். 744. சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டுற வரைக்கும் 50-லதான் வந்தோம். பிரச்சினையே இல்ல. புளியங்குடி தாண்டினதும் ரோடு காலியா இருக்கேன்னு 70 தொட்டேன். ஆனி மாசக் காத்து மலைப்பக்கமிருந்து வீசுது. ஒரு பஸ் வேகமா ஓவர்டேக் பண்ணிச்சு. அது தாண்டின நொடியில டிரெய்லரோட வால் லேசா இடது பக்கம் போச்சு. அப்புறம் வலது. அடுத்த தடவை இன்னும் பெருசா.

கண்ணாடியில பார்த்தா டிரெய்லரோட பக்கவாட்டுச் சுவரே தெரியுது. "ஏலே, வண்டிய நிப்பாட்டுலே!"ன்னு மாமா கத்துறார். நான் பயந்துபோய் பிரேக்கை முழுசா மிதிச்சேன். அதோட முடிஞ்சது. ஜீப் நிக்கப் பார்க்குது, பின்னாடி இருக்குற 900 கிலோ நிக்கல. ஜீப்போட பின்பக்கத்தை ஒரு ஓரமா நெட்டித் தள்ளிட்டு, டிரெய்லர் சாய்ஞ்சு விழுந்துச்சு. ஜீப் ரோட்டை விட்டு இறங்கி ஒரு பனைமரத்துக்கு முன்னாடி நின்னுச்சு. எதிர்ல அப்ப ஒரு வண்டியும் வரல. நாங்க ரெண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தோம். இன்னைக்கு நான் உங்ககிட்ட பேசிட்டு இருக்குறதுக்குக் காரணம் இந்த ரெண்டும்தான்.

எனக்கு மணிக்கட்டு முறிஞ்சது. மாமாவுக்குக் காறை எலும்பும் மூணு விலா எலும்பும். பைக்ல வந்த ரெண்டு பசங்க ஓடி வந்து 108-க்கு போன் பண்ணி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மாமாவை அசைய விடாம பார்த்துக்கிட்டாங்க. ஒருத்தன், "அண்ணே, எங்களைப் போலீஸ்ல கேப்பாங்களா?"ன்னு கேட்டான். அந்தப் பயம் வேண்டாம் மக்களே. உதவி பண்றவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2016-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்துட்டாங்க. பேரு, அட்ரஸ் கூடக் கட்டாயமாக் கேக்க முடியாது. இன்னொண்ணு, தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காசு எங்கேன்னு யோசிச்சு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்காதீங்க.

எங்க ஆபீஸ்ல சர்வர் படுத்துச்சுன்னா, ஏன் படுத்துச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதணும். கட்டுப்போட்ட கையோட வீட்டுல உக்காந்து இதுக்கும் அப்படி ஒண்ணு எழுதினேன். டிரெய்லர், கொக்கியைப் பிடிச்சு ஆடுற ஊஞ்சல் மாதிரி. பாரம் முன்னாடி இருந்தா, ஒரு காத்து தள்ளினாலும் ரெண்டு ஆட்டத்துல அடங்கிடும். பின்னாடி இருந்தா ஆட்டம் அடங்காது. வேகம் கூடக் கூட இன்னும் மோசம். ஒரு அளவைத் தாண்டினா, ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெருசாகும். 50-ல நல்லா வந்த வண்டி 70-ல தலைகீழானது அதனாலதான். ஜெர்மனியில காரவான் இழுக்குற காருக்குப் பொதுவா 80-தான் உச்சம்.

காரவான்காரங்க கணக்கு என்ன தெரியுமா? பாரத்துல 60 சதவீதம் அச்சுக்கு முன்னாடி இருக்கணும். மொத்த எடையில 10-லேர்ந்து 15 சதவீதம் கொக்கியில இறங்கணும். எங்க 900 கிலோவுக்கு 90 கிலோவாவது இறங்கியிருக்கணும். நான் ஒத்தக் கையால தூக்கினேன்!

மாட்டுவண்டிக்காரங்களுக்கு இது எப்பவோ தெரியும். முன்பாரம் அதிகமானா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும், பின்பாரம் ஆனா நுகத்தடி மேல தூக்கி மாட்டுக் கழுத்தை இறுக்கும். அந்தப் பெரியவர் எனக்கு இலவசமாச் சொன்ன இன்ஜினியரிங் அது.

ஆட ஆரம்பிச்சுட்டா என்ன பண்றது? ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. ஸ்டியரிங்கை நேராப் பிடிங்க, ஆட்டத்துக்கு எதிரா ஒடிக்காதீங்க. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தா அதை மட்டும் போடுங்க. எங்களுதுல கிடையாது.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் நான் எல்லார்கிட்டயும் சொன்னது "காத்து அடிச்சிருச்சு"ன்னுதான். அம்மாகிட்ட, அத்தைகிட்ட, மாமாகிட்ட. அவரோட 22 வருஷத்துல ஒரு பங்கு ரோட்டோரம் நசுங்கிக் கிடந்துச்சு. அதைக் கவுத்தது என் கணக்குன்னு சொல்ல வாய் வரல. இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி மாமா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பெரியவர் சொன்னதை நான் கேக்காததையும் சேர்த்து.

மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அவர் சொன்னது என் காதுலயும்தாம்லே விழுந்துச்சு. படிச்ச பையன், உனக்குத் தெரியும்னு நானும் சும்மா நின்னுட்டேன்"னார்.

டிரெய்லரைச் சரி பண்ணியாச்சு. இந்த சீசனுக்குக் கடை உண்டு. போன வாரம் சாமான் ஏத்தும்போது கிரைண்டரை மாமா முன்னாடி வைக்கச் சொன்னார். நான் தராசு கொண்டுபோய்க் கொக்கிக்கு அடியில வச்சேன். 110 கிலோ. இந்தத் தடவை ஒத்தக் கையால தூக்க முடியல.

அடுத்த வாரம் பார்ப்போம். பெல்ட் போடுங்க.