பரீட்சை முடிஞ்ச கையோடு சான்றிதழ்

பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடியுது. ரிசல்ட் மே மாதம் வருது. நடுவில் பிள்ளையைத் தறியில உட்கார வச்சிட்டு, மார்க் வந்த பிறகு சான்றிதழுக்கு அலையறோம். பாவு இல்லாம ஊடை போட முடியுமா?

ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிப்போம். வீட்டில் யாரும் பட்டம் வாங்கலைன்னா முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்கணும். பொறியியல் கவுன்சிலிங்கில் கட்டணம் குறையும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு, 2021 சட்டப்படி பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளில் 7.5 சதவீதம் இடம் உண்டு. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயர், இனிஷியல் ஒத்துப் போகுதான்னு பாருங்க.

அடுத்த கூட்டத்தில் பிளஸ் டூ பிள்ளை உள்ள வீடுகளைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். விண்ணப்பச் செலவுக்கு உள்கடன் கொடுப்போம். ஒரு தாள் குறைஞ்சதுக்காக ஒரு பொண்ணு படிப்பு நிற்கக் கூடாது.