கொப்பி ஒன்று எடுத்து வையுங்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்காகக் கோமாரியில் நடந்த இரண்டு நாள் வகுப்பில், பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழி ஒருவர் ஆற்றிய உரை.)



ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பு உங்கள் முகத்தில் தெரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். நீங்கள் வந்த பாதையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகலை, பொத்துவில், அப்புறம் கோமாரி. எல்லாம் ஒரே ஏ4 பாதை. அந்தப் பாதையின் மலைப் பக்கத்தில் மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. பாதையின் கடல் பக்கத்தில் இந்தக் கரை இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது இந்த அம்பாறை மாவட்டம்தான். ஒரு முனையில் மண் தின்றது, மறு முனையில் தண்ணீர் தின்றது. அதற்குப் பிறகு இரண்டு முனைக்கும் பெரிய மனிதர்கள் வந்து போனார்கள். அப்படி வந்து போகிறவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது இந்த ஊரில். பாடசாலை விடுமுறை என்பதால் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டேன். அந்த ஒரு வாரமும் இந்தப் பக்கத்து அரசியல்வாதி ஒருவரின் மக்கள் சந்திப்பு வாரமாக இருந்தது. பெயர் வேண்டாம். கட்சியும் வேண்டாம். அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆசிரியை அல்லவா, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை ஒரு சாவு வீடு, ஒரு கோயில். செவ்வாய்க்கிழமை பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். புதன்கிழமை நடமாடும் சேவை. வியாழக்கிழமை விளையாட்டுக் கழகத்துக்குப் பந்தும் உடையும். வெள்ளிக்கிழமை மீன்வாடிப் பக்கம். சனிக்கிழமை ஒரு வீதிக்கு அடிக்கல். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். பெரும்பாலான நாட்களில் படம் எடுத்தார்கள். அன்றிரவே அது எல்லோருடைய போனிலும் வந்தது.

இதில் ஒன்றுமே உருப்படியில்லை என்று சொன்னால் அது பொய். நடமாடும் சேவையில் ஒரு கிழவர் பல வருடமாகக் கிடைக்காத பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போனதை நான் பார்த்தேன். சாவு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாலும் அது ஒரு மரியாதைதான். ஆனால் அந்த ஏழு நாளில் ஊரின் தலைவிதியைத் தொட்ட நாள் எது? படமே வராத செவ்வாய்க்கிழமை. எந்தப் பாதைக்குக் காசு, எந்தக் குளத்துக்குக் காசு, யானை வேலி எங்கே வரும் என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேதான் பேசப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். மாலை போட்டார்கள், பேசினார்கள். பிறகு கிராம அபிவிருத்திச் சங்கத்து அம்மா ஒருவர் எழுந்தார். கையில் ஒரு அப்பியாசக் கொப்பி. அதை விரித்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "ஐயா, போன முறை நீங்க வந்தது இன்ன திகதி. யானை வேலி பற்றி ஒருங்கிணைப்புக் கூட்டத்தில கதைக்கிறன் எண்டு சொன்னீங்க. அதுக்குப் பிறகு ரெண்டு கூட்டம் நடந்திட்டு. எந்தக் கூட்டத்தில கதைச்சீங்க? அந்தக் கூட்டக் குறிப்பு ஒண்டு தருவீங்களா?"

கோபம் இல்லை, கூச்சலும் இல்லை. அவர் தன் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். கடைசியில், "உண்மையைச் சொன்னா, அது நிகழ்ச்சி நிரலில வரவில்லை அம்மா. அடுத்த கூட்டத்தில வரும்" என்றார். அந்த அம்மா, "சரி ஐயா, எழுதிக்கொள்ளுறன்" என்று அவர் முன்னாலேயே திகதி போட்டு எழுதினார். இதனால் நாளைக்கே வேலி வந்துவிடாது. ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அவருக்கு அந்தக் கொப்பி ஞாபகம் வரும்.

தோழர்களே, அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்குக் கீழே ஒரு போக்கு இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் மேலே ஏறிப் பாயும். வாகனம் வராது. சில வருடங்களுக்கு முன்னால் ஒருவர் அதற்கு அடிக்கல் நாட்ட வந்தார். காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். நான் என் வகுப்புப் பிள்ளைகளை வெள்ளைச் சீருடையோடு வரிசையாக நிற்க வைத்தேன். அவர் வந்தது ஒரு மணிக்கு. அதற்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வெயிலில் மயங்கி விழுந்தது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை. தண்ணீர் தெளித்து உட்கார வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளைக் கை தட்டச் சொன்னேன். அந்தக் கல் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. போக்கு கட்டவில்லை. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் பிரசவ வலி வந்த பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அதே கல்லைத் தாண்டிப் போனோம். தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம்.

யாரை நோவது? வந்தவரையா? அவரிடம் திகதி கேட்காதது நான். எவ்வளவு காசு, எந்த நிதி, எப்போது முடியும் என்று ஒரு வரி எழுதி வாங்காதது நாங்கள். படித்தவள் நான், சங்கத்துக்காரி நான், எனக்கே தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று இங்கே வந்த பிறகு யோசித்தேன். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்ம பாட்டன் பூட்டிகளின் வாக்கும் போனது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், துரையிடம் மனுக் கொடுப்பது. துரை கொடுத்தால் அது கருணை, கொடுக்காவிட்டால் நம்ம தலையெழுத்து. வாக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த மனுப் பழக்கம் நம்மை விடவில்லை. நாம் வாக்குப் போட்டு அனுப்பிய ஆளிடமும் கை கட்டி நின்று மனுக் கொடுக்கிறோம்.

இன்னொரு காரணம் சட்டத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதனால் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள்ளே பாதை போடவோ விளக்குப் போடவோ முடியாமல் நின்றன. நாமும் வாக்குப் போட்டோம். ஆனால் நம்ம லயத்து வாசலில் சபையின் எல்லை முடிந்தது. உறுப்பினரிடம் போனால் "துரையிடம் கேளுங்கள்" என்பார். துரையிடம் போனால் "கம்பெனியிடம் காசு இல்லை" என்பார். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்தார்கள். முப்பத்தொரு வருடம் கழித்துக் கதவு திறந்தது. கதவு திறந்ததாலேயே யாரும் உள்ளே வந்து கொங்கிரீட் போட்டுவிட மாட்டார்கள். அழைத்து வர வேண்டியது நாம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2018இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் முடிந்தன. தேர்தல் தள்ளிப் போனது. இரண்டு வருடம் சபையே இல்லை. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து இப்போது சபைகள் இருக்கின்றன. ஆகவே "சட்டம் இடம் தரவில்லை" என்பதும் "சபை இல்லை" என்பதும் இனிச் செல்லாது.

எழுதி வைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். ஆனால் மக்களை எடுத்துக் குடியேற்றக் காணி எங்கே, யார் பொறுப்பு, எப்போது என்று யாரும் துரத்திக் கேட்டு வேலையை முடிக்கவில்லை. 2014இல் மலை இறங்கியது. பிறகு எல்லோரும் வந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது அதே பாடத்தை மலையகம் திரும்பவும் படித்தது. வீடு முழுதாக இழந்தவர்களுக்குப் புது வீடு கட்ட 50 இலட்சம் ரூபாய் வரை என்று அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் லயக் காம்பராவில் இருந்தவனுக்கு எது வீடு, எது காணி? உறுதிப் பத்திரம் எங்கே? இதைப் பொன்னாடை போர்த்தும் கூட்டத்தில் கேட்டால் "பார்க்கிறேன்" என்ற பதில்தான் வரும். ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏற்றினால் அதிகாரி எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். யாரிடம் எதைக் கேட்பது என்பது முதலாவது. பிரதேச சபை உறுப்பினரிடம் சம்பளத்தைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. 1,350 ரூபாயை 1,550 ஆக்கி, அரசின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவோடு 1,750 என்று அறிவித்தது 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம். அது நாடாளுமன்றம், கம்பெனி, தொழிற்சங்கம் சம்பந்தப்பட்ட விஷயம். உள்பாதை, தெருவிளக்கு, குப்பை, மயானம் ஆகியவை சபையின் வேலை. அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, நிவாரணம் என்றால் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும். பாடசாலைக் கட்டடம் என்றால் வலயக் கல்வி அலுவலகமும் மாகாணமும். ஒருவரிடமே எல்லாவற்றையும் கேட்டால் அவர் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்பார். அப்புறம் ஒன்றுக்கும் அவர் பொறுப்பு இல்லை.

இரண்டாவது, கொப்பி. 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். நாலு கோடு போடுங்கள். வந்தவர் யார், திகதி என்ன, என்ன சொன்னார், எப்போது முடியும் என்று சொன்னார். அவர் முன்னாலேயே எழுதி வாசித்துக் காட்டுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது மாலைக்கு முன்னால் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். கொப்பியைத் தலைவர் வீட்டுப் பெட்டியில் பூட்டாதீர்கள். மாதர் சங்கத்திடம் கொடுங்கள். கூடையும் தூக்கி வீட்டையும் நடத்துகிறவர்களுக்குக் கணக்குத் தப்பாது.

மூன்றாவது, காலம். சபை ஒவ்வொரு வருடமும் டிசம்பருக்குள் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. ஜனவரியில் போய் போக்குக் கட்டக் கேட்டால் பந்தி முடிந்த பிறகு இலை போட்ட கதைதான். செப்டெம்பரிலேயே எழுத்தில் கொடுங்கள். சபை அமர்வு நாளில் இரண்டு பேர் பார்வையாளராகப் போய் உட்காருங்கள். பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தாலே போதும்.

நாலாவது, தகவலறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இந்தப் போக்குக்கு எப்போது, எந்த நிதியில், எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று ஒரு கடிதம் போட்டால், தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இங்கிருந்து போனதும் நான் எழுதப் போகும் முதல் கடிதம் எங்கள் அடிக்கல்லைப் பற்றியதுதான்.

இன்னொன்றையும் இந்தக் கரையிலிருந்து படிக்க வேண்டும். வடக்கே கல்முனையில் ஒரு பிரதேச செயலக எல்லைப் பிரச்சினை முப்பது வருடத்துக்கும் மேலாக இழுபடுகிறது. 2019 ஜூனில் தமிழர் தரப்பு உண்ணாவிரதம் இருந்தது, முஸ்லிம் தரப்பு எதிர்ப் போராட்டம் நடத்தியது. இரண்டு தரப்புக்கும் வாக்குறுதி கொடுத்தவர்கள் பலர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு ஊரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றால், வாக்குறுதி கொடுத்தவரைப் பார்க்க ஆள் இருக்காது. யானை வயலுக்குள் இறங்கும்போது இது தமிழன் வயலா முஸ்லிம் வயலா என்று பார்ப்பதில்லை. எங்கள் போக்கில் எங்கள் பிள்ளைகள் மட்டும் நடப்பதில்லை. கீழ்க் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் அதே வழியில்தான் பாடசாலைக்குப் போகிறார்கள். இவ்வளவு காலமும் அந்த மனுவில் அவர்களிடம் ஒரு கையெழுத்து வாங்க நமக்குத் தோன்றவில்லை. அடுத்த கடிதத்தில் வாங்குவோம்.

கடைசியாக, சொல்லக் கசப்பான ஒன்று. நம்ம சங்கம் ஆதரித்து வென்றவர்களும் சபைகளில் இருக்கிறார்கள். "நம்ம ஆள், அவரை எப்படிக் கேட்பது?" என்று ஒரு தலைவர் என்னிடம் கேட்டார். நம்ம ஆள் என்பதால்தான் முதலில் அவரைக் கேட்க வேண்டும் என்றேன். சந்தா கட்டுகிற தொழிலாளி சங்கத்திடம் கணக்குக் கேட்கலாம் என்றால், வாக்குப் போட்டவர் உறுப்பினரிடமும் கேட்கலாம். கேள்வி கேட்பது விரோதம் இல்லை. நல்ல உறுப்பினருக்கு அது பலம். "என் மக்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்" என்று சொல்லித்தான் அவரும் மேலே இருப்பவரிடம் காசு வாங்கிவர முடியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கொப்பி அம்மாவே இங்கே வருகிறார். எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டுவார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது அதைக் கொண்டு வர வேண்டும். வெறும் கொப்பியைக் கொண்டு வருகிறவரை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்த மாட்டேன். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியதே போதும்.