அன்னையின் இலை



நேற்றிரவு உங்கள் வீட்டில் எல்லோரும் உண்ட பின் கடைசியாக உண்டவர் யார்? அவருக்குச் சட்டியில் எஞ்சியது எவ்வளவு? அதில் காயோ மீன் துண்டோ இருந்ததா? இவ்வினாக்களை உங்கள் முன் வைக்கவே இன்று பேச வந்துள்ளேன்.

என் தாயாருக்கு 43 வயதானபோது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. மாலை வந்தால் அயர்ந்து சுவரில் சாய்ந்துவிடுவார். "வயதாகிறதல்லவா?" என்பார்; நாங்களும் அதை நம்பினோம். பின்னர் மருத்துவர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்தார். பெண்களின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது. என் தாயாருக்கு இருந்ததோ 8 கிராம். அயர்வுக்குக் காரணம் வயது அன்று, இரத்தச் சோகை.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள்.

நாற்பதைக் கடக்கும் காலத்தில் பெண்ணின் உடல் மாறத் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் சிலருக்கு உதிரப்போக்கு மிகுந்து, இரும்புச் சத்து வீணாகிறது. நின்ற பின்போ, ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் எலும்பு விரைவாகத் தேய்கிறது. தசையும் மெலிகிறது. ஆகவே இவ்வயதில் சோற்றின் அளவைச் சற்றுக் குறைக்கலாம், சத்தைக் குறைக்கலாகாது. நம் வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. காயும் பருப்பும் பிறருக்குப் போய்விட, அன்னைக்கு எஞ்சுவது சோறும் இரசமுமே.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவின்படி, பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரும்பு 29 மில்லிகிராமும், சுண்ணாம்புச் சத்து 1000 மில்லிகிராமும், புரதம் ஏறத்தாழ 46 கிராமும் வேண்டும். இவற்றுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டா. காலையில் நம் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குச் சென்று பாருங்கள். வஞ்சிரத்தின் விலை கைக்கு எட்டாதெனில் நெத்திலி இருக்கிறது. முள்ளோடு தின்னும் அச்சிறு மீன் புரதமும் சுண்ணாம்பும் சேர்த்தே தரும். புலால் உண்ணாதவர்க்குப் பயறும் கடலையும் பாலும் தயிரும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குதான். முருங்கைக் கீரையை மறக்கலாகாது. கீரையின் இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை; உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அதுவே தடையாகும். ஒரு மணி நேரமாவது பொறுப்பது நலம்.

அதே மார்க்கெட்டில் கூடை நிறைய மீன் வைத்துப் பிறருக்கு விற்கும் பெண், தேநீரும் ரொட்டியுமாகத் தம் காலையைக் கழிப்பதையும் கண்டிருக்கிறேன். உணவு அருகில் இருந்தால் மட்டும் போதாது. தமக்கும் அதில் பங்குண்டு என்ற எண்ணம் வேண்டும்.

அந்த எண்ணத்தை ஊட்ட வேண்டியவர்கள் நீங்கள். அன்னைக்கு ஓயாத அயர்வு இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதியுங்கள். மாலையில் வாகனங்கள் ஓடாத நம் கடற்கரைச் சாலையில் அவருடன் நடந்து வாருங்கள். நடையால் தசையும் எலும்பும் உரம் பெறும். மாணவியரே, எலும்பின் சேமிப்பு ஏறத்தாழ முப்பது வயதோடு முடிந்துவிடுகிறது. பின்னாளில் செலவழிப்பதற்கு இன்றே சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் தாயார் மருத்துவர் தந்த மாத்திரைகளை உண்டார். நாங்கள் எங்கள் வீட்டு வழக்கத்தை மாற்றினோம். அவரையும் எங்களோடு பந்தியில் அமர்த்தினோம். சில மாதங்களில், படியில் நிற்காமல் மாடிக்கு ஏறி வந்து வடகம் காயவைத்தார்.

இன்றிரவு ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள். "நீங்கள் உட்காருங்கள் அம்மா, நான் பரிமாறுகிறேன்" என்று சொல்லுங்கள்.