கணக்குப் புத்தகம் யார் கையில்?



இன்று பட்டதாரிகளாகும் தம்பி தங்கைகளே, தொண்டு நிறுவனங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால் மும்பை மாட்டுங்காவில் நடக்கும் உங்கள் பட்டமளிப்பு விழாவுக்கு என்னை அழைத்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் அப்படியொரு நிறுவனத்தில் வேலைக்குச் சேருவீர்கள். பலர் வங்கிக்கும் கம்பெனிக்கும் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரம் கொடுப்பீர்கள். இரு தரப்புக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: படித்தவர் என்பதற்காக முன்னால் போய் நிற்காதீர்கள். ஏன் என்று நம் ஊர்க் கதையை வைத்தே சொல்கிறேன்.

ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் 1946இல் பிறந்தவர். பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தார். செம்பூரைத் தாண்டி, மான்கூர்ட் பக்கம் இருந்த ஜனதா காலனியில் குடியிருந்தார். அங்கே குப்பை அள்ள ஆள் வருவதில்லை. அவர் காலனிப் பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துவரச் சொல்லி, ஊர்வலமாக அழைத்துப் போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தார். மனு எழுதத் தெரிந்த ஒருவர் வரட்டும் என்று அந்தக் காலனி காத்திருக்கவில்லை.

ஜனதா காலனி பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வழக்கு, மறியல், டெல்லி வரை போய் முறையீடு என்று வருடக்கணக்கில் போராடினார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், காலனியை இடித்தே விட்டார்கள். சுமார் 70,000 பேரைச் சீத்தா கேம்ப்புக்கு மாற்றினார்கள். அங்கே வளர்ந்த குடும்பங்கள் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு இது பாட்டி சொன்ன கதை. கோஷம் மட்டும் போதாது, நம் வீடுகளை நாமே எண்ணி, நம் கணக்கை நாமே கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளின் முன் உட்கார வேண்டும் என்ற முடிவுக்கு ஜோக்கின் வந்தார்.

இதே நகரத்தில் 1984இல் ஷீலா படேலும் தோழர்களும் ஸ்பார்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எல்லோரும் சமூகப் பணி அனுபவமுள்ளவர்கள். பைகுல்லாவில் மாநகராட்சி மருந்தகத்தை ஒட்டிய ஒரு கராஜ்தான் அலுவலகம். நடைபாதையில் குடியிருந்த பெண்கள் வந்து உட்கார ஓர் இடம், பேச ஓர் ஆள், அவ்வளவுதான் ஆரம்பம். அந்தப் பெண்களே 1986இல் மகிளா மிலன் என்று ஒன்றுசேர்ந்தார்கள். குடிசைவாசிகளின் தேசியச் சம்மேளனத்தை நடத்திக்கொண்டிருந்த ஜோக்கினுக்குத் தொண்டு நிறுவனங்கள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இந்தப் பெண்களை ஸ்பார்க் நடத்திய விதத்தைப் பார்த்துக் கை கோத்தார். ஏற்பாடு எளிமையானது. தலைமை மக்களிடம். திட்ட அறிக்கை எழுதுவதும், நன்கொடை கேட்பதும், அலுவலகங்களில் பேசுவதற்கு வழி செய்வதும் படித்தவர்கள் வேலை. அந்த உறவு முப்பது ஆண்டுக்கு மேல், 2018 அக்டோபரில் ஜோக்கின் மறையும் வரை நீடித்தது. இடையில் ஜோக்கினுக்கு மகசேசே விருது வந்தது, பத்மஸ்ரீ வந்தது, உலகெங்கும் உள்ள குடிசைவாசிகளின் கூட்டமைப்பு உருவானது. எனக்கு அந்த விருதுகளைவிட இந்த முப்பது ஆண்டுதான் பெரிது. இரண்டு வருடத்தில் மனக்கசப்பில் உடைந்துபோன அமைப்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மகிளா மிலனின் சேமிப்பு முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். தொடக்கத்தில் பல பெண்களுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. இன்ன தொகைக்கு இன்ன நிறம் என்று காகிதத் துண்டுகள். காசு கொடுத்தால் அந்த நிறத் துண்டு பைக்குள் போகும். பையைத் திறந்தால் கணக்கு கண்முன் கிடக்கும், யாரிடமும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. இதை உருவாக்கியது எந்த வணிகவியல் பட்டதாரியும் இல்லை.

தாராவியில், 90 அடி சாலைக்கு உள்ளே ஒரு சந்தில், திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவரோடு நான் சேமிப்பு வசூலுக்குப் போயிருக்கிறேன். வாசலில் நின்றதும் அவர் காசு கேட்கமாட்டார். “பிள்ளைக்குச் சளி விட்டுச்சா? அவர் வேலைக்குப் போனாரா?” என்றுதான் ஆரம்பிப்பார். உள்ளே இருப்பவள் இன்னைக்கு இல்லக்கா என்றால், நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வார். நாலைந்து கட்டம் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் சாயங்காலம் திரும்பி வருவார், அப்போது நோட்டு இல்லாமல். யார் வீட்டில் கடன்காரன் வந்து நிற்கிறான், யார் பெண் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள் என்பது அவருக்கு முதலில் தெரிந்தது இப்படித்தான். ஆய்வுக்கு வந்த மாணவர்கள் கேள்வித்தாளோடு நாள் முழுக்க அலைந்தும் இதில் பாதி தெரியாமல் திரும்பினார்கள்.

ரயில் தண்டவாளத்தை ஒட்டி வாழ்ந்த சுமார் 60,000 பேரை வற்புறுத்தல் இல்லாமல் வேறு இடங்களில் குடியமர்த்த முடிந்தது, வாசல் வாசலாகப் போய் வளர்த்த இந்தச் சேமிப்பு உறவுகளின் அடித்தளத்தால்தான். யார் வீடு எது, யாருக்கு யார் அண்டை வீடு என்ற பட்டியலை மக்களே தயாரித்திருந்தார்கள்.

1992–93 மதக் கலவரத்துக்குப் பிறகு தாராவியில் நடந்ததும் இந்த வகைதான். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த வகார் கான், மராட்டியரான பாவு கோர்டே, இவர்கள் இருவரும் சந்து சந்தாக நடந்து மக்களைப் பேசவைத்தார்கள். நான்கு மதத்து உடையில் நிற்கும் நான்கு சிறுவர்களின் படத்தைப் போஸ்டராக்கி, நாம் எல்லோரும் ஒன்று என்று எழுதி ஒட்டினார்கள். அந்த இருவரின் நட்பைத் தாராவி கண்ணால் பார்த்திருந்தது. அதனால்தான் போஸ்டரை நம்பியது.

இனி நிறுவனங்களின் உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு இதை வேறு யாரும் சொல்லமாட்டார்கள். வெளியே ஏழையிடம் கனிவாகப் பேசிவிட்டு, உள்ளே சக ஊழியரை அதட்டுகிறவர்கள் இந்தத் துறையில் உண்டு. சம்பளம் கேட்டால் “இது சேவை அல்லவா” என்று வாயை அடைப்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் காசோலைப் புத்தகமும், நன்கொடையாளர்களின் தொடர்பும், வார்டு அலுவலகத்து அறிமுகமும் நிறுவனர் ஒருவரிடமே இருந்தன. நேர்மையானவர், உழைப்பாளி. அவர் நோயில் படுத்த மூன்றாவது மாதம் மாலை வகுப்புகள் நின்றன. அத்தனை பிள்ளைகளும் புத்தகப் பையோடு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். பக்கத்துத் தெரு அம்மா ஒருவரிடம் சாவியும் வரவு செலவு நோட்டும் முன்பே இருந்திருந்தால் அந்த வகுப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள்: இங்கே சாவி யாரிடம், நோட்டு யாரிடம், கூட்டத்தில் முதலில் பேசுவது யார்? ஆங்கிலம் தெரிந்தவரே எப்போதும் முதலில் பேசுகிறார் என்றால், அதை மாற்றுவதிலிருந்து உங்கள் வேலை தொடங்கட்டும்.

உங்கள் படிப்பு எங்கே தேவைப்படும் என்று கேட்பீர்கள். இங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் தேவைப்படுகிறது. தாராவி மறுசீரமைப்புக்கு வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்டினால் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் விதி வேறு, இடமும் வேறு. பழைய மின்கட்டண ரசீது ஒன்றில் அப்பா பெயரின் எழுத்து மாறியிருக்கிறது, வாக்காளர் பட்டியலில் வேறு மாதிரி இருக்கிறது என்று தகரப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கலங்கும் குடும்பங்கள் ஏராளம். மராத்திப் படிவத்தைப் படித்துச் சொல்லவும், பிரமாணப் பத்திரம் எழுதவும், கெடுவுக்குள் மேல்முறையீடு போடவும் அவர்களுக்குத் துணையாக ஓர் ஆள் வேண்டும். சந்தில் இருக்கும் மகளிர் குழுவிடம் போய், எந்த வீட்டிலிருந்து தொடங்கலாம் என்று கேளுங்கள். அலுவலகத்தில் பேசுவது அந்த வீட்டு அம்மாவாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்து நாற்காலியில் காகிதங்களை அடுக்கிவைத்துக்கொண்டு உட்காருங்கள்.