கேட்டது நியாயமே



இன்று ஐந்து சகோதரிகளைப் பற்றிச் சிந்திப்போம். மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா. மறையுரைகளில் நாம் அதிகம் கேட்காத பெயர்கள் இவை. ஆனால் எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரம் இந்த ஐவரையும் பெயர் சொல்லி நம்முன் நிறுத்துகிறது.

இஸ்ரயேல் மக்கள் யோர்தானைக் கடக்கக் காத்திருந்த காலம் அது. போருக்குச் செல்லக்கூடிய ஆண்களின் கணக்கு எடுக்கப்பட்டது. அந்தப் பட்டியலின்படியே நாடு பங்கிடப்பட இருந்தது. இச்சகோதரிகளின் தந்தை செலொபுகாது பாலைநிலத்தில் இறந்துவிட்டார். அவருக்கு மகன் இல்லை. எனவே அந்தக் குடும்பத்துக்கு நிலமும் இல்லை என்ற நிலை.

ஐவரும் சந்திப்புக் கூடார வாயிலுக்கு வந்தார்கள். மோசே, குரு எலயாசர், தலைவர்கள், மக்கள் கூட்டமைப்பு என எல்லார் முன்னிலையிலும் நின்று, தந்தையின் உரிமையில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள்.

மோசே என்ன செய்தார்? அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடவில்லை. ஆண்கள் யாரையாவது பேச அழைத்து வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர்களுடைய வழக்கை ஆண்டவரிடம் கொண்டு சென்றார். அவர்கள் கேட்டது நியாயமே என்றார் ஆண்டவர். மகன் இல்லாத தந்தையின் சொத்து மகள்களைச் சேரும் என்று அன்று சட்டமே பிறந்தது.

அன்பர்களே, அந்த ஐவரின் துணிவைப் பாராட்டுவது நமக்கு எளிது. மோசேயைப் போல் செவிசாய்க்கும் மனம் நமக்கு இருக்கிறதா?

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி, தந்தையின் சொத்தில் சம பங்கு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். பழைய திருவிதாங்கூர் சட்டப்படி, மகனுடைய பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. அந்தச் சட்டம் இனிச் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986-இல் தீர்ப்பு வந்தது.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களாகிய நமக்கும் அதே சட்டம்தான். உயில் எழுதாமல் தந்தை இறந்தால், மூன்றில் ஒரு பங்கு தாய்க்கு. மீதி, மகன் மகள் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? "நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, இன்னும் என்ன?" என்கிறோம். விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறோம். மனமுவந்து விட்டுக்கொடுக்கும் சகோதரிகள் உண்டு. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சிக் கையெழுத்துப் போடுபவர்களும் உண்டு. அந்த அச்சத்தை அன்பு என்று நாம் எண்ணிக்கொள்ளலாமா?

திருஅவையும் செவிசாய்த்து வருகிறது. வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களும் முறைப்படி ஏற்கலாம் என்று 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தினார். 2023-இல் உலக ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். 2025 சனவரியில் அருள்சகோதரி சிமோனா பிராம்பில்லா, திருப்பீடத்துறை ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி ஆனார்.

நம் பங்குகளைப் பார்ப்போம். அன்பியக் கூட்டங்களை நடத்துவதும், நோயாளிகளைச் சந்திப்பதும், மறைக்கல்வி கற்பிப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஆனால் பங்குப்பேரவையில் திருவிழாச் செலவைப் பற்றிப் பேசும்போது, நிதிக்குழுவுக்குப் பெயர் கொடுக்கும்போது, அவர்களுடைய குரலை நாம் கேட்கிறோமா? ஆலயத்தைக் கூட்டுகிறவர்களுக்கு அதன் கணக்கைக் கேட்கவும் உரிமை உண்டு.

இந்த வாரம் நம் வீட்டில் தாயோ, மனைவியோ, மகளோ, மருமகளோ ஏதேனும் கேட்டால், உடனே மறுத்துவிடாமல், மோசேயைப் போல அதை ஆண்டவரிடம் கொண்டு செல்வோம். பல நாள் கேட்கத் தயங்கி நிற்கும் சகோதரியிடம் நாமே சென்று, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்போம்.

ஆண்டவரே, செலொபுகாதின் புதல்வியருக்குச் செவிசாய்த்தவரே, எங்கள் செவிகளையும் திறந்தருளும். ஆமென்.