மாட்டுப்பட்டிக்கு எந்த வண்டி?

(இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்களுக்காக நிகழ்த்திய உரை)



மாடு வளர்க்கிற வீட்டில் ஓய்வு கிடையாது. காலையில் பிரட்டுக்கு முன்னால் பால் கறக்க வேண்டும். அந்திக்குக் கொழுந்து நிறுத்துவிட்டுப் புல்லறுக்கப் போக வேண்டும். அந்தப் புல்லுக்கட்டு பெரும்பாலும் நம் தாய்மாரின் தலையில்தான் வருகிறது. "ஒரு வண்டி இருந்தா நல்லா இருக்குமே" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. எந்த வண்டி என்பதைத்தான் இன்றைக்கு நாம் பேசப் போகிறோம். இதில் தவறினால் இரண்டு இடத்தில் அடி விழும். ஒன்று உயிருக்கு, மற்றது கடனுக்கு.

முதலில் சுமையைக் கணக்குப் பார்ப்போம். நல்ல வளர்ந்த கறவை மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். ஐந்து மாடு என்றால் 200 கிலோ. ஒரு கட்டு 25 கிலோ என்று வைத்தாலும் எட்டு நடை. சாணம் மாட்டுக்கு 15 கிலோ என்றால் ஐந்து மாட்டுக்கு 75 கிலோ. பால் 30 லீட்டர் கிடைத்தால் அது 31 கிலோ, கேனின் பாரம் வேறு. இடைக்கிடை புண்ணாக்கு மூட்டை. ஆகவே நம் வண்டிக்கு முக்கியமான சுமை பால் அல்ல, புல்லுதான். புல் பாரம் மட்டுமில்லை, இடத்தையும் அடைக்கும், உயரமாகக் குவியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்மிடம் இருக்கும் வண்டிகளைப் பார்ப்போம்.

கைத்தொலைபேசியில் வெளிநாட்டுப் பண்ணைப் படம் பார்த்த இளைஞர்கள் 'பக்கி' வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். நாலு சக்கரம், இரண்டு இருக்கை, பின்னால் சின்னத் தட்டு, தலைக்கு மேல் இரும்புக் கூடு உள்ள வண்டி அது. ஜப்பானின் கவாசாகி நிறுவனம் 1988இல் 'மியூல்' என்ற பெயரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மியூல் என்றால் கோவேறு கழுதை. சுமக்கிற வேலைக்குப் பொருத்தமான பெயர்தான். விரிந்த புல்வெளியில், வேலி ஓரமாக நாள் முழுக்கச் சுற்றி வருகிற பண்ணைக்கு அது நல்ல வண்டி. ஆனால் நம் மாட்டுப்பட்டி தேயிலை மலைக்கும் லயத்துக்கும் இடையில் இருக்கிறது. நாம் போவது ரோட்டில். ரோடு முடிந்தால் படிக்கட்டு. புல்வெளியில் ஓடுவதற்கான வண்டிக்கு இங்கே ஓட இடமில்லை. பதிவு இல்லாத வண்டியைப் பொது வீதிக்குக் கொண்டுபோகவும் முடியாது. பால் நிலையம் பெரும்பாலும் பொது வீதியில்தானே இருக்கிறது! அதன் இரப்பர் பெல்ட் அறுந்தால் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ உடனே கிடைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் அந்த வண்டியிலிருந்து நாம் கற்க ஒரு பாடம் உண்டு. அவுஸ்திரேலியாவில் மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கரப் பண்ணை வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அதனால் 2021 ஒக்டோபர் 11ஆம் திகதி முதல், பண்ணை வேலைக்குப் புதிதாக விற்கும் அப்படிப்பட்ட வண்டிகளில் கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. வசதியான நாட்டுப் பண்ணைக்காரரையே கொன்றது பள்ளமும் சரிவும்தான். நம் மலையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அடுத்தது லேண்ட்மாஸ்டர் என்கிற கை ட்ரெக்டர். பெட்டியோடு சேர்த்தால் நிறையப் புல் ஏற்றலாம். டீசல் குறைவு, பழுது பார்க்கிற ஆளும் கிடைப்பார். சமதரைக்கு இது தங்கம். மலையில்தான் சிக்கல். இதன் கைப்பிடியில் இரண்டு பக்கமும் திருப்புகிற கிளட்ச் இருக்கிறது. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். ஆனால் பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது அதே இடது கிளட்சைப் பிடித்தால் வண்டி வலது பக்கம் திரும்பிவிடும்! காரணம் என்ன? பின்னால் பெட்டி தள்ளுகிறது. கிளட்ச் விட்ட சக்கரம் தடையில்லாமல் வேகமாக உருளுகிறது. மற்றச் சக்கரத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் வண்டி பிடிபட்ட பக்கத்துக்கே வளைகிறது. இது தெரியாத பிள்ளை ஒருவன் வளைவில் என்ன செய்வான் என்று நினைத்துப் பாருங்கள். சரிவில் அந்தக் கிளட்சைத் தொடாமல், சின்னக் கியரில், கைப்பிடியை மெதுவாகத் தள்ளித் திருப்பப் பழக வேண்டும். பெட்டியின் கால் பிரேக்கை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முச்சக்கர வண்டி. பால் கேனுக்கும் புண்ணாக்கு மூட்டைக்கும் போதும். உதிரிப்பாகம் சின்ன டவுனிலும் கிடைக்கும். ஆனால் முன்னால் ஒற்றைச் சக்கரம். கூரைக்கு மேலே புல்லைக் கட்டிக்கொண்டு வளைவில் பிரேக் போட்டால் கவிழப் பார்க்கும். செங்குத்தான ஏற்றத்தில் பின்பாரம் கூடினால் முன் சக்கரம் இலேசாகி, ஹேண்டில் சொன்னபடி கேட்காது.

நாலாவது, 'டிமோ பட்டா' என்று நாம் அழைக்கும் சின்ன லொறி. இந்தியாவின் டாட்டா கம்பனி 2005இல் 'ஏஸ்' என்ற பெயரில் செய்த வண்டிதான் இது. முக்கால் டன் ஏற்றலாம். நாலு சக்கரம், நாலிலும் பிரேக், ஓட்டுபவருக்கு மூடிய இருக்கை. சரிவுக்கு இந்த நாலில் இதுவே நம்பிக்கையானது. ஆனால் விலை கூட. ஐந்து மாட்டுக்காரர் தனியாக வாங்கினால் வண்டி நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் ஓடும். மிச்ச நேரம் சும்மா நிற்கும். தவணை மட்டும் நிற்காது.

ஆகவே எதை வைத்து முடிவெடுப்பது? நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஏற்றத்தைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள். இறக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். விற்கிறவர் "இந்த மேட்டை ஏறும்" என்றுதான் காட்டுவார். ஏற முடியாத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். அதிலும் நம்முடையது மழை நாடு. இரத்தினபுரியில் வருசத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கொங்கிரீட் ரோட்டில் பாசி பிடித்துக் கிடக்கும். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், 2017 மே மாத வெள்ளத்தையும் மண்சரிவையும் மறக்கவில்லை நாம். வெயில் நாளில் நல்லா ஓடின வண்டி அடைமழையில் எப்படி இருக்கும் என்பதே கேள்வி.

உங்கள் ரோட்டின் சரிவை நீங்களே அளக்கலாம். பத்தடி மூங்கில் ஒன்றை எடுத்து, ஒரு நுனியை மேட்டுப்பக்கம் ரோட்டில் வையுங்கள். பாதி தண்ணீர் உள்ள போத்தலை மூங்கில் மேல் படுக்க வைத்து மட்டம் பாருங்கள். மறு நுனி ரோட்டிலிருந்து எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது? ஓரடி என்றால் கவனமாகப் போகலாம். இரண்டடி என்றால் அது கடுமையான சரிவு. அங்கே முச்சக்கர வண்டியோ கை ட்ரெக்டரோ முழுப் பாரத்தோடு இறங்கக் கூடாது என்பது எங்கள் யோசனை. வாங்குவதற்கு முன் வண்டியை உங்கள் ரோட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பாதிப் பாரம் ஏற்றி, ஈர ரோட்டில், அனுபவமுள்ள ஓட்டுநரை வைத்து இறக்கிப் பாருங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

இனிக் கடனைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் பரவலாகத் திறக்கப்பட்டது. அதற்காக அவசரப்பட வேண்டாம். லீசிங் தவணையை ரூபாயில் எண்ணாதீர்கள், பாலில் எண்ணுங்கள். தவணை மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீவனச் செலவு போக லீட்டருக்கு 50 ரூபாய் மிஞ்சினால், தவணைக்கு மட்டும் 600 லீட்டர் வேண்டும். நாளைக்கு 20 லீட்டர். டீசல், டயர், காப்புறுதி, வருசாந்த வரி அனுமதிப்பத்திரம் எல்லாம் அதற்கு மேலே. மாடு வற்றுகிற மாதத்தில் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு மூன்று மாடு உள்ளவருக்கு வண்டியே வேண்டாம் என்பதுதான் எங்கள் எண்ணம். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, பட்டிக்குப் பக்கத்தில் மேட்டுப்புறமாக சீ.ஓ. 3 புல் நடுங்கள். புல்லு மேலே, பட்டி கீழே என்றால் சுமை இறக்கத்தில் வரும். ஒரு தள்ளுவண்டியே சில இடத்தில் போதும். மூன்று குடும்பம் சேர்ந்து 15 மாடு என்றால் புல்லு 600 கிலோ. சின்ன லொறிக்கு ஒரு நடை. அப்போது கூட்டாக வாங்குவது பொருந்தும். ஆனால் வாய்ப்பேச்சு போதாது. வண்டி யார் பேரில், யார் ஓட்டுவது, டயர் தேய்ந்தால் யார் காசு, ஒருவர் விலகினால் என்ன கணக்கு, எல்லாவற்றையும் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுதுங்கள். உறவு கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

கடைசியாகச் சில வார்த்தைகள். எந்த வண்டிக்கும் அதற்குரிய சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். முச்சக்கர வண்டிக்கு பீ 1, கை ட்ரெக்டருக்கு ஜீ 1. ஏறும்போது எந்தக் கியரோ, அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள். பால் கேனைப் பாதியாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். தளும்புகிற பால் வளைவில் வண்டியையும் சேர்த்து ஆட்டும். நாலுகால் மாட்டை விட ஒரு பிள்ளை பெரிது அல்லவா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் புல்லுக்கு மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள். "கிட்டத்தானே" என்று ஏற்றுவோம். விபத்துக்குக் கிட்டமும் தூரமும் தெரியாது.

தாய்மாரின் தலைச்சுமை இறங்கத்தான் வேண்டும். அது கடன் சுமையாக மாறி வீட்டின் மேல் ஏறக் கூடாது. மூங்கிலும் போத்தலும் இன்றைக்கே எடுங்கள். ரோட்டை அளந்த பிறகு வண்டிக் கடைக்குப் போங்கள்.